மூன்று முறை மறுத்த ரொட்டி

ஈராக்கின் குர்து மலைகளில், சோமான் பள்ளத்தாக்கில் ரொட்டி சுட்டுவந்த பாபீருக்கு அரசியல் தெரியாது. மலைமேல் நிற்கும் ஈரானியப் பீரங்கிகள் முழங்கும்வரை பாக்தாத் படை உள்ளே வராது என்பது மட்டும் தெரியும். அவர் கடைக்குப் பக்கத்தில் நான் செருப்பு தைத்தேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். குர்துகள் தங்கள் மலையைத் தாங்களே ஆளவேண்டும் என்று ஈரான் மன்னர் ஷாவுக்கு ஆசையா என்ன? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். தெரிந்தேதான் நம்பினோம். வேறு யார் இருந்தார்கள்?

1975 மார்ச்சில் ஒரு காலை, பீரங்கிகளை லாரிகளில் பூட்டினார்கள். முன்னேறப் போகிறார்கள் என்று நினைத்த பாபீர், மிச்சமிருந்த மாவு முழுவதையும் சுட்டு மூட்டை கட்டினார்.

"மூணு புள்ளைங்க இருக்குங்க. பாதியாவது வைங்க," என்றாள் மனைவி ஹப்ஸா.

"விருந்தாளி வெறுங்கையோட போனா ஊரே காறித் துப்பும்டி."

ஈரானிய சார்ஜென்ட் மூட்டையைத் தொடவில்லை. "வேணாம்ணே. புள்ளைங்களுக்கு வைங்க."

கேட்டவுடன் வாங்குவது எங்கள் பக்கம் மரியாதையில்லை. மூன்று முறை மறுத்துத்தான் வாங்கவேண்டும். ஈரானியர்கள் இதில் எங்களுக்கு அண்ணன்மார்.

"நெசமாவே வேணாம்ணே."

"அட, சும்மா வாங்குப்பா."

"சொன்னாக் கேளுங்க, உங்களுக்குத் தேவைப்படும்."

"தேவைப்பட்டா சுட்டுக்கிறேன். புது மாப்பிள்ளை மாதிரி என்ன பிகு!" பாபீர் மூட்டையை லாரிக்குள் எறிந்தார். சார்ஜென்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியம் வானொலி சொன்னது. தெற்கே ஏதோ ஆற்றில் ஷா கேட்ட எல்லையை பாக்தாத் கொடுத்துவிட்டதாம். பதிலுக்கு அவர் எங்களைக் கைவிட்டாராம். பாபீர் காலி மாவுப் பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

பாக்தாத் படை வருவதற்குள் தப்ப, பனியில் ஈரான் எல்லைக்கு நடந்தோம். இரண்டாம் நாள் அவர் பிள்ளைகள் பனியை அள்ளித் தின்றன. என்னிடம் இரண்டு ரொட்டி இருந்தது. ஒன்றை நீட்டினேன்.

"நாங்க சாப்பிட்டாச்சு," என்றார் பாபீர்.

மறுபடி நீட்டினேன்.

"வேணாம்பா."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

ஹப்ஸா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மரியாதைய அவரு தின்னட்டும்," என்றாள். "ரெண்டையும் குடு."