விழுங்காத மாத்திரைகள்

ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் பத்தொன்பது வருஷம் லிப்ட் ஓட்டியவர் அவர். ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்தே மாடி எண்ணை அழுத்திவிடுவார். அவருக்குச் சர்க்கரை இருந்தது, புகை இருந்தது, வேலை முடிந்ததும் கொஞ்சம் குடியும் இருந்தது. அதனால் மூன்று வாரம் விடாத இருமல் காசநோய் என்று தெரிந்தபோது டாக்டர் ஆச்சரியப்படவில்லை.

"ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது. இதோட குடிச்சா ஈரல் போயிடும்" என்றார்.

அவர் தினமும் விழுங்குவதைப் பார்த்து அட்டையில் டிக் போடும் பொறுப்பை மனைவியின் தம்பி ஏற்றுக்கொண்டான். அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்தவன். அக்கா வீட்டு ஒற்றை அறையிலேயே தங்கியிருந்தான். காலையில் டம்ளரோடு வந்து நிற்பான். "மாமா, மாத்திரை."

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. லிப்ட்காரருக்குக் குடிக்க நாக்கு ஊறியது. மாத்திரையும் குடியும் சேர்ந்தால்தானே ஈரலுக்குக் கேடு? குடிக்க நினைத்த நாளில் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் குடித்து, கழிப்பறையில் போய்த் துப்பினார். குடிக்காத நாளில் மட்டும் விழுங்கினார். வாடை தெரிந்து மனைவி சண்டை போட்டாள். "மாத்திரைதான் ஒழுங்கா போடுறேன்ல? உன் தம்பியக் கேளு" என்று அவள் வாயை அடைத்தார்.

ஐந்தாம் மாதம் சளியில் ரத்தம் வந்தது. கிருமி இனி அந்த மருந்துக்கு அடங்காது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நர்ஸ் அட்டையைப் புரட்டினாள்.

"ஒரு நாள்கூட விடலை. அப்புறம் எப்படி? தம்பி, நிஜமாப் பாத்துதான் டிக் போட்டியா, இல்ல மொத்தமா உக்காந்து போட்டியா?"

"பாத்துதான் சிஸ்டர்."

"இப்படிச் சொல்றவங்க எத்தனை பேரைப் பாத்திருக்கேன். உன் அலட்சியத்துக்கு அவர் அனுபவிக்கிறார்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த லிப்ட்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மச்சான்தான் மன்னிப்புக் கேட்டான். "நான் இன்னும் கவனமா இருந்திருக்கணும் மாமா."

"பரவால்ல, விடு" என்றார். பெருந்தன்மை மாதிரி ஒலித்த அந்தச் சொல்லை நினைத்துப் பின்னால் எத்தனையோ தடவை கூசிப்போனார்.

வீட்டில் இருந்தவர்களுக்கும் பரிசோதனை நடந்தது. மனைவி தப்பித்தாள். மச்சானுக்கு இருந்தது, அதே அடங்காத கிருமி.

அன்றைக்குத்தான் சொன்னார். "சிஸ்டர், அவன் மேல தப்பில்ல. நான்தான் துப்பிட்டேன்."

நர்ஸ் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. வீடு திரும்பும் வழியில் மச்சான், "அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றான். சொன்னார். சோற்றை முன்னால் வைத்துவிட்டு ஒரு பேச்சும் இல்லாமல் நகர்ந்துபோவது பல நாள் அவள் வழக்கமாயிற்று.

இருவருக்கும் நீண்ட சிகிச்சை. குமட்டல், கால் எரிச்சல் எல்லாம் பட்டார்கள். அவர் குடியையும் புகையையும் விட்டார். கடைசியில் இருவருக்கும் குணமாயிற்று. ஆனால் மச்சானின் நுரையீரல் ஒரு பக்கம் சுருங்கிவிட்டது. காகிதக் கட்டைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. அச்சகத்திலேயே பிழை திருத்தும் மேசைக்கு மாறிக்கொண்டான்.

அடுத்த வருஷம் அவனுக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. வியாதி வந்ததை மச்சான் மறைக்கவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

லிப்ட்காரர் யாரிடமும் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போனார். பெண்ணின் அப்பா முன்னால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "அவனுக்கு வந்தது என்னாலங்க. இப்ப சுத்தமா குணமாயிடுச்சு. தங்கமான பையன்."

"மொதல்ல உக்காருங்க" என்றார் அந்த மனிதர். பிறகு தயங்கி, "வேற இடத்துல முடிவாயிடுச்சுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் கேட்டான். "எங்க மாமா போயிருந்தீங்க?"

"சும்மா, கொஞ்சம் நடந்துட்டு வந்தேன்" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.