ஏரிக்கரைக் கதையின் கடைசிப் பக்கங்கள்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை அது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே கரண்ட் இருக்காது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்ததுதான் மிச்சம்.

"எதுக்குடி இப்படி லாந்துற? வந்து தாளை அடுக்கு" என்பாள் அம்மா.

நாரணாபுரத்தில் எங்கள் முன்னறை முழுக்கத் தாள்தான். வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய்களை அம்மா வீட்டிலிருந்தே சுருட்டிக் கொடுப்பாள். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, பலகையில் ஒரு உருட்டு உருட்டி உருவினால் வெறுங்குழாய். வெடிமருந்து நிரப்புவது, திரி வைப்பதெல்லாம் பட்டாசுக் கம்பெனியில். சுருட்டுவதற்கான தாள் பழைய பேப்பர் குடோனிலிருந்து கட்டுக்கட்டாக வரும். யாரோ எழுதிய விடைத்தாள், பழைய டெலிபோன் டைரக்டரி, எந்த ஊர் என்றே தெரியாத பத்திரிகை எல்லாம் கலந்து கிடக்கும்.

அந்த வருடம் வந்த கட்டுகளில் அட்டை கிழிக்கப்பட்ட இங்கிலீஷ் புத்தகங்கள் நிறைய இருந்தன. வெளிநாட்டில் விற்காமல் போனவற்றை அட்டையைக் கிழித்துவிட்டுக் கழிவாகத் தள்ளிவிடுவார்களாம். குடோன்காரர் சொன்னது. பொழுது போகாமல் ஒன்றைப் புரட்டினேன். என் வயதுப் பெண் ஒருத்தி லீவுக்குக் கடற்கரைக்குப் போகிறாள். அங்கே ஒரு பையன் ஐஸ்கிரீம் விற்கிறான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது எனக்கு. குடோன் கட்டுகளைக் கிளறிக் கிளறி அதே மாதிரிக் கதைகளாகப் பொறுக்கினேன். தலைப்பு தெரியாது, எழுதியவர் தெரியாது. நான் படித்தது தமிழ் மீடியம். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு பாதியைப் புரிந்துகொள்வேன், மீதியை நானே ஊகிப்பேன். ஊகித்த பாதிதான் அதிகம் இனித்தது என்று இப்போது தோன்றுகிறது.

எல்லாக் கதையும் கோடையில்தான் நடக்கும். பள்ளிக்கூடம் மூடியதும் அந்தப் பெண்களுக்கு உயிர் வந்துவிடும். யாராவது ஒரு பையன் தண்ணீர்ப் பக்கமாக நிற்பான். லீவு முடிவதற்குள் அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும், சொல்ல மாட்டான். படிக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. "சொல்லித் தொலையேன்டா" என்று புத்தகத்தைப் பார்த்துத் திட்டுவேன். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, வெயிலில் என் மூளை இளகிவிட்டது என்பாள்.

படித்ததை அக்காவுக்குச் சொல்வேன். அக்கா என்னைவிட நான்கு வயது பெரியவள். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குப் போனவள். விடிந்ததும் தெருமுனைக்கு வரும் வேனில் ஏறிப் போவாள். பொழுது சாயும்போது கையும் முகமும் அலுமினியப் பொடியில் வெள்ளி மாதிரி மின்ன இறங்குவாள். குழாயில் மருந்து நிரப்பும் அறையில் அவளுக்கு வேலை. குளித்துவிட்டு வந்து அம்மாவோடு குழாய் சுருட்ட உட்காருவாள். நான் எதிரே உட்கார்ந்து கதை சொல்வேன்.

அக்கா கேட்கும் கேள்விகள் இருக்கிறதே, புத்தகம் எழுதியவர்களே பதில் சொல்லத் திணறுவார்கள்.

"வெயில்ல படுத்தே கிடக்காளே, எதுக்கு?"

"கறுக்கணுமாம். கறுத்தா அழகாம்."

"அதுக்காக லீவு போட்டு, பஸ் ஏறிப் போயா கறுக்காக? நம்ம வேன்ல ஏத்தி விட்டா ஒரு நாள்ல முடிஞ்சிரும்."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். முத்தம் வருமிடங்களை மட்டும் அம்மா இருந்தால் தாண்டிவிடுவேன். அக்காவுக்கு அது உடனே தெரிந்துவிடும். "நடுவுல ஏதோ முழுங்கிட்ட" என்று முழங்காலால் இடிப்பாள். பகல் முழுவதும் நான் அல்லாடிய அல்லாட்டம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அடங்கும்.

அப்பா லோடு லாரி ஓட்டினார். சீசன் ஆரம்பித்தால் வடக்கே போனவர் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் பார்த்தது மாமா, அம்மாவின் அண்ணன். அவர்தான் அக்காவுக்கு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குத் திருத்தங்கலில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் மிஷின் வேலை. அம்மாவும் பிள்ளையும் மட்டும், பிக்கல் பிடுங்கல் இல்லாத இடம் என்றார் மாமா.

எங்கள் பக்கம் எடுத்தவுடனே வீட்டுக்கு வந்து பெண் பார்க்க மாட்டார்கள். வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெருவுக்கே தெரிந்து, அடுத்த வரனுக்கு அதுவே பேச்சாகிவிடும். முதலில் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். எங்களை இருக்கன்குடி கோயிலுக்குக் கூட்டிப்போனார் மாமா. கூட்டத்தில் ஒரு தூணோரம் நிறுத்தினார். சொல்லிவைத்த நேரத்துக்கு அவர்களும் வந்தார்கள். "அட, நீங்களும் வந்திருக்கீகளா?" என்று மாமா ஆச்சரியப்பட்டார் பாருங்கள், நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் பெரிய ஆளாகியிருப்பார்.

நான் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தேன். ஒல்லி. கதைகளில் வரும் பையனுக்குக் கண் நீலமாக இருக்கும், இவருக்கு நகக்கண் நீலமாக இருந்தது, பிரஸ் மை. தேங்காய்ப்பழத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு கோடை முழுக்கக் காதலித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, அப்புறமும் முடிவெடுக்க முடியாமல் அந்தப் பெண்கள் தவிக்கிறார்கள். என் அக்காவுக்கு ஒரு தூணோரம் போதுமாம்.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று மறுநாளே தகவல் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாத்தூரில் இன்னொரு பெண்ணைப் பார்ப்பார்கள் என்றார் மாமா. அம்மா அக்காவிடம், "என்னடி சொல்ற?" என்றாள்.

அக்கா கம்பியில் தாளைச் சுற்றிக்கொண்டே, "அந்த ஏரிக்கரைக் கதை முடியட்டும், சொல்றேன்" என்றாள்.

கிண்டல் என்று மாமா சிரித்தார். அவள் கிண்டல் செய்யவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. யாரிடம் கேட்பாள்? எனக்கு அதற்குமேல் நிலைகொள்ளவில்லை.

ஏரிக்கரைக் கதை அப்போது பாதியில் இருந்தது. சித்தி வீட்டுக்கு லீவுக்கு வந்த பெண், ஏரியில் வாடகைப் படகு ஓட்டும் பையன். லீவு முடிகிறது, மறுநாள் அவள் ஊருக்குப் போக வேண்டும். பையன் வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை. விறுவிறுவென்று படித்துக்கொண்டு போனேன். படகுத்துறையில் அவள் நிற்கிறாள், அவனுடைய படகு நெருங்குகிறது, அவள் வாயைத் திறந்தாள். அடுத்த பக்கத்தைக் காணோம்.

வெயிலில் பசை இளகி, கடைசிப் பக்கங்கள் கொத்தாகக் கழன்று விழுந்திருந்தன. வேறு வீடாக இருந்தால் எடுத்துப் பத்திரமாக வைப்பார்கள். எங்கள் வீட்டில் தனியாகக் கிடக்கும் தாள் எதுவானாலும் அது குழாய்தான். என் ஹால் டிக்கெட்டே ஒருமுறை கம்பி வரை போய்விட்டுத் தப்பியது.

"அம்மா, இங்கன கிடந்த தாளை என்ன செஞ்ச?"

"தாளை என்ன செய்வாக? சுருட்டியாச்சு."

சாக்கைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிரண்டைப் பிளேடால் கீறினேன். பசையில் ஒட்டிப்போன தாள் கந்தலாகப் பிய்ந்தது. எலுமிச்சை ஜூஸ் என்று ஒரு வார்த்தை கிடைத்தது, அவள் தலைமுடி பற்றி அரை வரி கிடைத்தது. அம்மா கையிலிருந்த கம்பியாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். மத்தியானம் கம்பெனி ஆள் வந்து சாக்குகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று புதன்கிழமை. அக்கா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், "முடிச்சிட்டியா?" என்றாள்.

முடிவை நானே கட்டினேன். நான் படித்ததிலேயே நல்ல நல்ல முடிவுகளாக எடுத்துக் கோத்தேன். பையன் படகிலிருந்து குதித்தான், உன்னை விட்டு என்னால் இருக்க முடியாது என்றான், அவளோடு பட்டணத்துக்கே கிளம்பிவிட்டான். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

அக்கா குழாயை உருவி வைத்தாள். "வாயைத் தொறந்தது யாரு?"

"அவதான்."

"அப்போ அவதான பேசியிருக்கணும். நீ எதுக்கு அவனைப் பேச வைக்க?"

பிடிபட்ட திருடி மாதிரி முழித்தேன். பக்கம் இல்லை, அம்மா சுருட்டிவிட்டாள் என்று உள்ளதைச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"என்ன கேட்டிருப்பா அவ?"

"என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டிருப்பா."

"பிடிக்காமயா கோடை பூராம் சும்மா படகுல சுத்துனான்? அது அவளுக்கே தெரியும். தெரிஞ்சதை எவளாவது கேப்பாளா? தெரியாததைத்தான் கேட்டிருப்பா." அதோடு பேச்சை விட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

மறுநாள் காலையில் வேனுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம், "மாமாகிட்டச் சொல்லு. அவுககிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும். பேசிட்டுத்தான் பதில்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மாமா வந்து கத்தினார். "அவ என்னத்த பேசப் போறா? எல்லாம் நாங்க பேசியாச்சுல்ல. வாய்க்காரின்னு பேரெடுத்தா அப்புறம் எவன் கட்டுவான்?" அம்மாவின் கோபம் என் பக்கம் திரும்பியது. "எல்லாம் இவ படிச்சுப் படிச்சு ஓதுனது." மிச்சமிருந்த புத்தகங்களை எல்லாம் என் கண்ணெதிரே பிரித்துத் தாளோடு தாளாக அடுக்கினாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் புத்தகத்துக்காக இல்லை. இந்த வரன் போய்விட்டால் அக்காவின் பெயர் கெட்டது என்னால்தான் ஆகும் என்று பயமாக இருந்தது.

மாமா திட்டிக்கொண்டே போய்ச் சொன்னார். அவர்கள் முறித்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை லீவு, வருகிறேன் என்று சொல்லிவிட்டார். திருத்தங்கல் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு ஜூஸ் கடை. துணைக்கு என்னை அனுப்பினார்கள். மாமா எதிர்க்கடையில் பேப்பர் படிப்பதுபோல் நின்றார்.

மூன்று நன்னாரி சர்பத் வந்தது. யாரும் தொடவில்லை. ஒரு கோடை முழுக்கப் புத்தகத்தில் பார்த்த இடம் கண் முன்னால் வந்துவிட்டது, இதோ அவள் வாயைத் திறக்கப் போகிறாள்.

"கல்யாணத்துக்கப்புறம் என்னைய கம்பெனிக்கு அனுப்புவீகளா?" என்றாள் அக்கா.

அவர் யோசித்தார். "அது உங்க இஷ்டம். போகணும்னா போங்க, நான் தடுக்க மாட்டேன்."

"போகணும்னு கேக்கல. எனக்குப் பயமா இருக்கு." அக்கா தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மருந்து ரூமுக்குள்ள போறப்போ டெய்லி பயமா இருக்கு. வெயில் காலத்துல ரொம்ப. சாயந்தரம் வேன்ல ஏறுனாத்தான் மூச்சே வரும். யார்கிட்டயும் சொன்னதில்ல. நான் போகமாட்டேன்னு சொன்னா நீங்க கோவிச்சுக்கிடுவீகளா?"

ஒரே பாயில் அவள் பக்கத்தில் படுத்து எழுகிறவள் நான். எங்கேயோ ஏரிக்கரையில் நிற்கும் பெண்ணுக்கு நெஞ்சு எப்படி அடித்தது என்று தினமும் இவளுக்கு விலாவாரியாகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார். "கோவிக்க என்ன இருக்கு? கட்டிங் மிஷின்ல கை வைக்கப்போ எனக்கும் அப்படித்தான் இருக்கும். நானும் சொன்னதில்ல." நகக்கண் மையைச் சுரண்டிக்கொண்டே, "வீட்டுல செலவு இறுக்கத்தான் செய்யும். அதையும் சொல்லிடுறேன்" என்றார்.

"இறுக்கட்டும்" என்றாள் அக்கா. பிறகுதான் சர்பத்தை எடுத்துக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சரி என்று சொன்னாள். கல்யாணம் ஆவணியில் என்று முடிவானது. அதுவரைக்கும் மூன்று மாதம் சீசன் உச்சத்தில் இருக்கும், அக்கா வேலைக்குப் போய்க் கொஞ்சம் சேர்க்கட்டும் என்று மாமா கணக்குப் போட்டுவிட்டுப் போனார். யாரும் அதற்கு மறுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அக்கா தலை வாரி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். இரண்டாவது ஹாரன் அடித்தது.

"என்னடி?" என்றாள் அம்மா.

"முடியலம்மா. அவுககிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன். இனிமே பயமில்லாத மாதிரி அங்கன போயி உக்கார முடியல."

அம்மா அவளையே பார்த்தாள். என்ன பயம், யாரிடம் சொன்னாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அவள் டிரைவரிடம் சொன்னது எங்களுக்கு வீட்டு வாசலிலேயே கேட்டது.

"அவ வரமாட்டா. இனிமே இங்கன ஹாரன் அடிக்காதீக."