சுறா எண்ணெய் பூசிய கதவு

அக்காவைப் பெண் பார்க்க ராமநாதபுரத்திலிருந்து மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. அதனால் உம்மா காலையிலேயே எங்கள் தொண்டி வீட்டின் வெளிச்சுவரில் பூத்திருந்த உப்பைச் சலவைச் சோடாத் தண்ணீரால் கழுவ ஆள் வைத்தார். வாசல் கதவுக்குப் புதிதாகக் கருஞ்சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தோம். சோடா பட்டால் அது கரைந்துவிடும். கதவைக் காக்கும் வேலையை உம்மா தன் தம்பியிடம் விட்டார்.

மாமாவுக்கு வள்ளம் ஓட்டுவதுதான் தொழில். வள்ளத்து மரத்தில் தண்ணீர் ஏறாமலிருக்கப் பூசும் சுறா எண்ணெயையே கதவிலும் கனமாகப் பூசிவிட்டார். சுவர் கழுவி முடிந்தபோது உம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏலே, இது கதவா வள்ளமாலே?"

"ஒரு சொட்டுத் தண்ணி ஏறலையே லாத்தா, தொட்டுப் பாரு."

"கடலுக்கே இழுத்துட்டுப் போ!"

துணியால் துடைத்தும் நாற்றம் போகவில்லை. சோடா போட்டால் எண்ணெயோடு சாயமும் போகும். வேறு வழி தெரியாமல் உம்மாவே சோடாவைப் போட்டுத் தேய்த்தார். கதவு திட்டுத்திட்டாக வெளுத்தது. நாற்றம் பாதி மிஞ்சியது.

கதவின் ஈரம் காயுமுன்னே வண்டி வந்து நின்றது. உம்மா இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறந்து, சாத்தியிருந்த மற்றொன்றில் முதுகை ஒட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றார். எல்லோரும் உள்ளே போகும்வரை நகரவில்லை.

மாப்பிள்ளையின் தாயார் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. தேநீரைத் தொடாமல், பதில் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அவர்களை வழியனுப்பத் திரும்பிய உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியில் முதுகெல்லாம் கருஞ்சிவப்பு.