தொட்டிக்கு வராத குதிரை

ஆவணி மாதம், காலை ஐந்து நாற்பது. தொட்டியடியில் முதலில் கண்ணில் பட்டது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டமல்ல. நூறு மீற்றர் தள்ளி, முருகைக்கல் அடுக்கிய மதிலுக்கு அப்பால், ஒரு கறுத்த ஆண்குதிரை தனியே நின்றது. கழுத்தின் இடப்பக்கம் தோல் உரிந்திருந்தது. கடிகாயம், புதியது. அது தண்ணீரைப் பார்த்தபடி நின்றது. வரவில்லை.

தொட்டியைச் சுற்றிப் பெட்டைக் குதிரைகளும் குட்டிகளும் நெருக்கியடித்து நின்றன. அவற்றுக்கும் மதிலுக்கும் நடுவே இன்னோர் ஆண்குதிரை குறுக்கும் நெடுக்குமாக நடந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. குட்டிகளை எண்ணினேன். ஒன்பதில் ஏழுக்கு அதே கோடு. இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள் அந்தத் தொட்டியைத் திறந்து நிரப்பியவன் நான். அன்றுவரை எண்ணத் தோன்றவில்லை. எண்ணிப் பாருங்கள் என்று முந்தின நாள் மிருக வைத்தியர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு உரிமையாளர் இல்லை. ஆவணியில் குளங்கள் வற்றும்போது அவை சாகும். முன்பு அந்தந்த வட்டாரத்துச் சனம் தங்கள் கிணற்றடிக்கு வரும் குதிரைகளுக்கு மட்டும் தண்ணீர் வார்க்கும். மேற்கில் வார்ப்பவருக்குக் கிழக்கில் நிற்கும் குதிரையைத் தெரியாது. எல்லாக் குதிரைக்கும் இது போதவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை வேலையை விட்டு ஊர் திரும்பிய வருடம் வறட்சி கடுமையாக இருந்தது. செத்த குதிரைகளைப் படம் பிடித்து ஒரு வேண்டுகோள் எழுதினேன். வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊரவர்கள் உதவினார்கள். பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டினோம். பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது.

இடத்தைத் தெரிவு செய்தவன் நான். மேற்கு வெளியில், வீதியோரம், பின்னால் கடல். படம் நன்றாக வரும் என்று நினைத்தேன். வந்தது. தொட்டி கட்டிய பிறகு கிணற்றடிகளில் வார்ப்பதைச் சனம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அதுதான் தொட்டி இருக்கே என்றார்கள். அதைக்கூட நான் தொட்டியின் வெற்றியாக எழுதினேன்.

மாசி மாதத்தில் அந்த வைத்தியர் வந்து மரபணுச் சோதனைக்குக் குதிரைகளின் மயிரைச் சேகரித்திருந்தார். மதில் கற்களில் குதிரைகள் உரசும்போது இடுக்கில் வேரோடு மயிர் சிக்கும். எந்தக் குதிரை எந்தக் கல்லில் உரசியது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடித உறையில் போட்டுக் கொண்டுபோனார். இப்போது முடிவோடு, குறிகட்டுவானிலிருந்து காலைப் படகில் வந்து இறங்கினார்.

"தொட்டியடியிலை நிக்கிற குட்டியள் எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஒரே தகப்பன், அண்ணை," என்றார். "முந்தி வேறை வேறை கூட்டமாய் நிண்டதுகள். நீங்கள் தண்ணியை ஒரு இடத்திலை வைச்சியள். பலசாலி அந்த இடத்தைப் பிடிச்சிட்டார்."

காயம்பட்ட கறுப்பைப் பற்றிச் சொன்னேன். அது போன வழியே இருவரும் கிழக்கே போனோம். போய் நின்றது ஒரு கிணற்றடியில். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மாடு வளர்ப்பவர், வாளியால் அள்ளி, பாதியாக வெட்டிய தகரப் பரலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். கறுப்பும் இரண்டு பெட்டைகளும் குடித்தன. தீவில் இன்னும் வார்க்கிற ஒரே கிணற்றடி அதுதான் என்று பிறகு தெரிந்தது.

"வாரும் தம்பி, பேப்பர்க்காரர்," என்றார் என்னைப் பார்த்து. "ரண்டு வருசத்துக்குப் பிறகு எங்கட பக்கம் வழி தெரிஞ்சிருக்கு."

"இதுக்குக் கடி எங்கை பட்டது, அக்கா?"

"உம்மடை தொட்டியடியிலைதான். போனவன், வாங்கிக்கொண்டு வந்தவன். இவனோடை நாலு பெட்டையள் நிண்டதுகள். ரண்டு அங்கை போயிட்டுதுகள். தண்ணியும் அங்கை, சண்டியனும் அங்கை. மிச்சம் ரண்டும் என்னத்துக்கு இஞ்சை நிக்கோணும்?"

வைத்தியர் வாளித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புத்தான் பிள்ளை," என்றார் அந்தப் பெண். "உவர் ஏறிட்டுது. எனக்கு ஏழு மாடு நிக்குது. இன்னும் ஒரு கிழமை வார்ப்பன். பிறகு ஏலாது."

ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த இரண்டு பெட்டைகளும் மேற்கே போனால், கறுப்பின் வழியில் இனிக் குட்டி இராது. தீவில் மிஞ்சுவது ஒரே தகப்பன் வழிதான். இதை வைத்தியர் அவருக்கு விளக்கினார். சொந்தத்துக்குள்ளேயே குட்டி போட்டால் பலமில்லாமல் போகும், ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகச் சாகும் என்றார்.

"எங்கட ஊரிலை ஆர் ஆருக்குச் சொந்தமில்லை? நான் கட்டினதே மச்சானைத்தான். பிள்ளையள் நல்லாத்தான் நிக்குதுகள், கனடாவிலை."

"மச்சான் பரவாயில்லை, அக்கா. அங்கை இனித் தகப்பனுக்கே மகள்மார்தான் பெட்டையளாய் வரப்போகுதுகள்."

"சீ!" என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு வாளி அள்ளினார்.

வைத்தியர் சொன்ன வழி எளிமையானது. பெரிய தொட்டியில் தண்ணீரைப் பாதியாக்குவது. மீதியைப் பவுசர் கிழக்கே இந்தக் கிணற்றடிக்கும் தெற்கே இன்னோர் இடத்துக்கும் கொண்டுபோவது. தண்ணீர் பிரிந்தால் குதிரைகளும் பிரியும்.

அன்று பின்னேரமே தொட்டிக் குழு கூடியது. குழு என்றால் ஐந்து பேர். எதிர்த்தவர் ஒருவர், தீவைப் பார்க்க வருபவர்களை ஏற்றிச் செல்லும் ஓட்டோக்காரர்.

"அண்ணை, தொட்டியை அங்கை கட்டச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம்."

"படத்துக்கு நல்ல இடம் எண்டதும் நீங்கள்தானே?"

"ஓம்."

"வாற சனம் மத்தியானப் படகுக்குத் திரும்போணும். பெருக்குமரமும் காட்டோணும், கோட்டையும் காட்டோணும், குதிரையும் காட்டோணும். குதிரை தொட்டியடியிலை நிக்கிறபடியால் ஏலுது. இனி நான் மூண்டு மூலைக்கும் ஓடவோ?"

இடத்தைத் தெரிவு செய்ததில் பிழை விட்டது நான் என்று சொன்னேன். கிழக்கே ஒரு கிழமைத் தண்ணீர்தான் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"தெற்கை வைக்கிற தொட்டியையாவது றோட்டிலை இருந்து தெரியிற மாதிரி வையுங்கோ," என்றார் ஓட்டோக்காரர்.

அடுத்த நாள் இரண்டு புதிய பரல்களைத் தன் ஓட்டோவில் ஏற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். வழி முழுக்க வாய் ஓயவில்லை. அந்தப் பெண் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "குதிரைக்கு மாமன் ஆகிட்டீர்," என்றார்.

தண்ணீரைப் பாதியாக்கிய மூன்றாம் நாள், பெரிய தொட்டியடியில் ஒரு கிழட்டுப் பெட்டைக்குதிரை விழுந்து கிடந்தது. நான் போனபோது உயிரில்லை. வயதினாலா, தண்ணீர் குறைந்ததாலா என்று என்னால் சொல்ல முடியாது. வயது பார்க்க அதன் பற்களைப் படம் எடுத்து அனுப்பினேன். வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று மட்டும் தொட்டியை முழுதாக நிரப்பினேன். குழுவிடம் கேட்கவில்லை. மறுநாள் மீண்டும் பாதி.

பவுசர் திங்களும் வியாழனும் கிழக்கே போனது. நானும் கூடப் போனேன். இரண்டாம் கிழமை வரை இரண்டு பெட்டைகளும் கிணற்றடியில்தான் நின்றன. ஒருநாள் காலை அவற்றைக் காணவில்லை. கிணற்றடிப் பெண்ணும் நானும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடினோம். தெற்கு வெளியில் கறுப்போடு மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் குதிரைகளைப் பார்த்து ஏசினார். கெட்ட வார்த்தைகளில் இரண்டு எனக்குப் புதியவை.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. குளங்களில் தண்ணீர் வந்ததும் தொட்டிகளை மூடினோம். குதிரைகள் தீவெங்கும் கலைந்தன. கறுப்பையும் இரண்டு பெட்டைகளையும் மார்கழியில் மூன்று தடவை கண்டேன்; மூன்று தடவையும் ஒன்றாகத்தான் நின்றன. பெட்டைகள் சினைப்பட்டிருந்தால் பதினொரு மாதக் கணக்கில் ஆடி, ஆவணிக்குள் குட்டி வரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கிணற்றடிப் பெண் கலண்டரில் அந்த இரண்டு மாதத்தையும் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தார்.

ஆடி மூன்றாம் கிழமை ஒரு பெட்டை குட்டி போட்டது; குட்டியின் நெற்றியில் வெள்ளைக் கோடு இல்லை. மற்றது போடவில்லை.