இடுப்பில் ஊராரின் திறப்புகள்

வாரும் சிப்பும் வைத்த அந்தச் சின்னப் பையை எப்படிப் போடுவது என்பதில் முதல் நாளே எங்கள் வீட்டில் மூன்று கருத்து இருந்தது. வாங்கித் தந்த மகள், மார்புக்குக் குறுக்கே போடவேண்டும் என்றாள். மனைவி, இடுப்பில் கட்டத்தானே செய்திருக்கிறார்கள் என்றாள். நான் பஸ்ஸில் பார்க்கும் இளைஞர்கள் எல்லாரும் அதைக் கக்கத்துக்குக் கிட்ட ஏற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று மூன்று விதமாகவும் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் வேறு யாரோ ஒருவர்தான் தெரிந்தார்.

மகள் அதை வாங்கியதற்குக் காரணம் என் மறதி. நான் சான்ட்விச் செய்யும் இடமொன்றில் வேலை செய்கிறேன். அங்கே தரும் வெள்ளை அங்கிக்குப் பொக்கற் கிடையாது. பொக்கற் இருந்தால் அதிலிருந்து ஏதாவது பாணுக்குள் விழுந்துவிடும் என்று வைப்பதில்லை. எல்லாவற்றையும் லொக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும். திரும்பும்போது ஏதாவது ஒன்று அங்கேயே நின்றுவிடும். ஒரு நாள் வீட்டுக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு. மனைவியும் மகளும் வரும்வரை எங்கள் ரெய்னர்ஸ் லேன் பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து, எனக்கு வேண்டாத பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சாரதியும் எனக்காக நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டி இல்லை என்று சொல்லவேண்டி இருந்தது.

பை வந்த அன்று மகள் சொன்னது, இனி என்னுடைய இரண்டு கையும் சும்மா இருக்கும் என்று. அதுதான் எனக்குக் குழப்பம். நாலு பேர் கூடிய இடத்தில் கையை எங்கே வைப்பது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. கையில் ஒரு போனோ திறப்போ இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டாவது நிற்கலாம்.

மனைவியின் தமையன்தான் முதலில் பகிடி விட்டவர். வாசலில் என்னைக் கண்டதும், "என்ன மச்சான், பருத்தித்துறை பஸ்ஸில கொண்டக்டர் வேலை கிடைச்சிட்டுதோ? எனக்கும் ஒரு ரிக்கற் கிழியும்" என்றார். நான் சிரித்தேன். ஆனாலும் பையைக் கழற்றவில்லை. திறப்பு தொலையாமல் இருந்தது.

அந்த வருடம் மனைவியின் மார்பில் ஒரு கட்டி கண்டுபிடித்தார்கள். அதன் முடிவு சொல்ல ஆசுப்பத்திரிக்குக் கூப்பிட்ட நாளில் மகள்தான் உள்ளே கூடப் போனாள். டொக்டர் சொல்வதை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் போதாது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இருவரும் தங்கள் கைப்பைகளை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் காத்திருந்த அந்த ஆசுப்பத்திரி நடையில் பெண்கள்தான் கூடுதலாக இருந்தார்கள். நான் இரண்டு கைப்பைகளையும் அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இது ஒன்றுமில்லை என்று வந்தால், இந்தத் திருவிழாவில் உன்னை ஒரு முழுச் சுற்று என் தோளில் காவுவேன் என்று.

ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஒரு வருடம் கழித்து இன்னொரு தரம் பார்ப்போம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நேர்த்தி வைத்ததை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும்.

எங்கள் கோயில் முன்பு ஒரு களஞ்சியமாக இருந்த கட்டடம். வெளிவீதி என்று சொல்வது அதைச் சுற்றியுள்ள கார் பார்க்கைத்தான். மற்ற நாளில் கார் நிற்கும் இடத்தால் திருவிழா நாட்களில் பின்னேரம் பிள்ளையார் வருவார். எலி வாகனத்தில் அவரை ஏற்றி, அடியில் நீண்ட தண்டுகளைக் கட்டி, ஆண்கள் தோளில் வைத்துக் காவுவார்கள். இதற்கு உயரம் பார்த்து ஆள் நிறுத்துவது வழக்கம். நெட்டையும் கட்டையும் கலந்து நின்றால் சாமி ஒரு பக்கம் சரிந்துபோகும். நான் கட்டை. கட்டையானவர்களுக்குப் பின் தண்டில்தான் இடம், அதிலும் சில பேருக்குத்தான்.

திருவிழாவின் முதல் நாள், போட்டிருந்த சேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டிக்கு மேல் பையைக் கட்டிக்கொண்டு அந்தத் தண்டுக்குக் கிட்டப் போய் நின்றேன். கேட்கவேண்டிய வசனத்தை வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் மச்சான் வந்து, "உம்மட கடையைத் திறவும்" என்று சொல்லித் தன் போனையும் கார்த் திறப்பையும் என் பைக்குள் போட்டார். வேட்டிக்குப் பொக்கற் இல்லை. மடிக்குள் செருகினால் தண்டைத் தூக்கும்போது விழுந்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் தன் மூக்குக்கண்ணாடியைத் தந்தார். பிறகு ஒரு இன்ஹேலர். பிறகு யார் யாருடையது என்று தெரியாத திறப்புகள். சாமி எழும்பும் நேரம் என் பை கர்ப்பிணி வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. தண்டின் எல்லா இடமும் நிரம்பியிருந்தது.

அடுத்த நாளும் அதுதான், அதற்கடுத்த நாளும் அதுதான். ஒரு கிழமைக்குள் எனக்குப் 'பை அண்ணை' என்று பெயர் வந்துவிட்டது. என் பேரை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் ஒரே மாதிரியான இரண்டு கார்த் திறப்புகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஒருவர் பக்கத்துத் தெருவில் வேறொருவரின் காரைத் திறந்து உள்ளே ஏறி, இருக்கையில் கிடந்த குழந்தைச் சப்பாத்தைப் பார்த்தபிறகுதான் இறங்கி வந்தார். அதற்கும் நானே மன்னிப்புக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஆட்களை நிறுத்துகிறவர் கோயில் செயலாளர். ஒரு பின்னேரம் துணிந்து அவரிடம் போய், இன்றைக்கு எனக்கும் ஒரு தோள் தர விருப்பம் என்றேன். என் குரல் தவில் சத்தத்துக்குள் போய்விட்டதோ என்னவோ, அவர் என் தோளில் தட்டி, "நீங்கள் உதிலயே நில்லுங்கோ அண்ணை. உங்களை நம்பித்தான் நாங்கள் காவுறம்" என்றார். அது பாராட்டா, மறுப்பா? நான் திரும்பிப் போய் அதிலேயே நின்றேன். மகள் சொன்னது சரிதான், இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. அந்தக் கைகளால் கும்பிட்டேன். கும்பிட்டால் பையில் யாராவது கை வைத்துவிடுவார்களோ என்று பயந்து, ஒரு கையை எடுத்துப் பையின் சிப்பின் மேல் வைத்தேன்.

பையை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் என்ன என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் வாசலில் கால் வைத்ததும் பத்துப் பேர் என் இடுப்பைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு என்ன காரணம் சொல்வது?

கடைசி நாள் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு விட்டால் நேர்த்தி தவறிவிடும் என்று காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பையும் நிறைந்துதான் இருந்தது. சாமி வெளிவீதிக்கு வந்து, இரண்டு மூலை திரும்பி, பின் மதிலோரம் போய்க்கொண்டிருந்தபோது என் வயிற்றில் ஒரு போன் நடுங்கத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தேன். திரையில் ஒரு பெண்ணும் குழந்தையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின் தண்டில் நின்ற, தண்ணீர்க் குழாய் வேலை செய்கிற தம்பியின் போன். அது நின்றது. திரும்ப அடித்தது. நின்றது. திரும்பவும் அடித்தது.

ஒரு பெண் இப்படி விடாமல் அடிக்கிறாள் என்றால் எனக்கு ஆசுப்பத்திரி ஒன்றுதான் நினைவுக்கு வரும். எடுத்துப் பேசலாமா? ஊர் பேர் தெரியாத ஆம்பிளை ஒருத்தன் எடுத்தால் அந்தப் பிள்ளை பயந்துவிடும். நான் யார் என்று சொல்வேன், பை அண்ணை என்றா? போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி தண்டுக்குப் பக்கத்தில் நடந்தேன். அவர் முதலில் கவனிக்கவில்லை. பிறகு திரையைப் பார்த்து, "அண்ணை, தோளைக் குடுங்கோ" என்றார். நான் பின்பக்கத்தால் புகுந்து தோளைக் கொடுத்தேன். அவர் குனிந்து வெளியே போனார்.

பாரம் என் தோளில் இறங்கியது. நான் சால்வையைக்கூட மடித்து வைக்கவில்லை, தண்டு எலும்பில் இருந்தது. பிள்ளையாரே, நான் வந்துவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லத் தொடங்கினேன். அந்த நேரம் யாரோ என் சிப்பை இழுத்தார்கள்.

குழாய் வேலைத் தம்பிதான். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, மற்றக் கையை என் பைக்குள் விட்டபடி கூடவே நடந்தார். அவருடைய மனைவி வேலையால் நேரத்தோடு வந்து, பிள்ளையோடு மழைக்குள் வாசலில் நிற்கிறாளாம். இரண்டு திறப்பையும் இவர் கொண்டு வந்துவிட்டாராம்.

"அண்ணை, என்ர திறப்பு எதுக்குள்ள?"

"பையின்ர உள் அறையில பாரும் தம்பி."

"உள் அறையில ஒரு கடையே கிடக்கு. நீலக் குஞ்சம் கட்டினதோ?"

"அது உம்மடை இல்லை. உம்மடையில என்ன கட்டியிருந்தது?"

"ஒண்டும் கட்டேல்லை."

"அப்ப நீலக் குஞ்சத்துக்குக் கீழ பாரும்."

எனக்குக் குனிந்து பார்க்கவும் ஏலாது. எனக்கு முன்னால் காவியவர் தலையைத் திருப்பாமலே, "பிள்ளையாற்றை திறப்பும் அதுக்குள்ளயோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. ராவைக்கு அவரும் உள்ள போகவேணும்" என்றார். தண்டு முழுவதும் சிரிப்பில் குலுங்கியது. சாமி ஆடுது, நடவுங்கோ என்று செயலாளர் சத்தம் போட்டார். தம்பி ஒரு திறப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சிப்பைப் பூட்டாமல் ஓடிவிட்டார். மற்றவர்களின் பொருட்கள் நிலத்தில் கொட்டிவிடக்கூடாது என்று ஒரு கையால் பை வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அடுத்த மூலை வந்தது, பிறகு வாசல். சாமியை இறக்கிவிட்டோம்.

இறக்கியதும் எல்லாரும் என்னிடம் கை நீட்டினார்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து முடிக்கும்போது பூசையும் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் தோளைக் கண்டுவிட்டாள். தோல் கன்றிச் சிவந்திருந்தது. குசினிக் கதிரையில் இருத்தி எண்ணெய் பூசினாள். பழக்கமில்லாத வேலைக்கு ஏன் போனது என்று கேட்டாள். எண்ணெய் பூசுகிறவளின் முகம் எனக்குத் தெரியவில்லை, அவள் பின்னால் நின்றாள். அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அந்த ஆசுப்பத்திரி நடையையும், இரண்டு கைப்பைகளையும், ஒரு முழுச் சுற்று என்று சொன்னதையும் சொன்னேன்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

நான் வேறொன்றைச் சொன்னேன். "முழுச் சுற்று எண்டு நேந்தனான். காவினது பின் மதிலில இருந்து வாசல்வரைதான். அதுக்குள்ள அந்தத் தம்பி பைக்குள்ள கையை விட்டுக்கொண்டு வந்தான். நான் பிள்ளையாரை நினைக்கவே இல்லை."

"பின்னை என்னத்தை நினைச்சனீங்கள்?"

"நீலக் குஞ்சத்தை."

அவள் சிரித்தாள். பூசுகிற கையும் சேர்ந்து ஆடியது. நான் சிரிக்கவில்லை. இதை நேர்த்தி என்று எடுப்பார்களா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. ஐயரைக் கேட்கலாம் என்றாள். ஐயரிடம் போய்க் குஞ்சத்தைப் பற்றி எப்படிக் கதைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து முன்னால் நின்றாள்.

"மிச்சம் கிடக்கெண்டா கிடக்கட்டும். வாற வருசம் பையை நான் கட்டுறன். நீங்கள் போய்க் காவுங்கோ."

அரிசி முடிந்தது, நாளைக்கு வாங்கவேணும் என்பது மாதிரிச் சொன்னாள். டொக்டர் ஒரு வருடம் என்று சொன்னதிலிருந்து நான் 'வாற வருசம்' என்ற சொல்லை வாயில் எடுத்ததில்லை. நேர்த்தி முடிந்துவிட்டது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். முடியவில்லை என்றால், மிச்சத்தை வாங்கப் பிள்ளையார் வாற வருடம்வரை எங்களைப் பார்த்துக்கொள்வார்தானே? எதை விரும்புவது என்று எனக்குப் பிடிபடவில்லை. இப்போதும் இல்லை.

அவள் அதற்குள் பையை எடுத்துத் தன் வீட்டுச் சட்டைக்கு மேல் கட்டிப் பார்த்தாள். அது இடுப்பில் நிற்காமல் வழுக்கிக் கீழே வந்தது. வாரைக் கட்டையாக்கவேண்டும். எங்கே இழுப்பது என்று இருவரும் குனிந்து தேடினோம். நான் ஒரு முனையை இழுத்தேன், வார் இன்னும் நீண்டது. அவள் மற்ற முனையை இழுத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. மகள் வேலையால் வரட்டும், அவளுக்குத் தெரியும் என்றாள். அதுவரை பை விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சோறு போடட்டோ என்று கேட்டாள்.