பன்னிரண்டு அவுன்ஸ்

காரைக்கால் பேருந்து நிலையத்தருகே என் கடை. பக்கத்து ஊரான பூவத்திலிருந்து மாதம் ஒருமுறை ஓர் அம்மா வருவார். மெலிந்த உடம்பு, நரைத்த புருவம். அமெரிக்க ஓட்ஸ் டின்னைக் கையிலெடுத்ததும் அந்த நாட்டிலிருக்கும் மகளுக்குப் போன் போடுவார்.

“பன்னெண்டு அவுன்ஸுன்னா எத்தன கிராம்மா?”

மாதாமாதம் மறந்துவிடுகிறார் என்றே நினைத்திருந்தேன். பேச்சு அரைமணி நேரம் ஓடும்.

சென்ற மாதம் வந்த டின்னில் கிராம் அளவும் அச்சாகியிருந்தது.

“இனிமே மகளக் கேக்க வேண்டாம்மா, கிராமே போட்டுட்டாங்க,” என்றேன் உற்சாகமாக.

கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார்.

“பழைய டின்னு ஒண்ணுகூட இல்லையா?”

“இல்லம்மா.”

“அப்ப அவகிட்ட நான் என்ன தம்பி கேக்குறது?”

டின்னை வாங்கிக்கொண்டு, போனை வெளியே எடுக்காமலேயே அவர் பேருந்து ஏறினார்.