பலகையின் வலது மூலை

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் அந்தப் பெண்ணின் வேலை போக இருந்தது. எந்தப் பந்தியின்படி போகும், எத்தனை நாளில் போகும், மேன்முறையீட்டுக் கடிதம் எந்த மேசையில் தூங்கும் என்பதெல்லாம் அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தென் லண்டனில், வாடகை கட்ட வசதியில்லாதவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் ஒரு கவுன்சிலின் வாடகை பெனிபிட் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. என் பட்டப்பெயர் 'மிஸ்டர் புரசீஜர்'. அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான்.

அவர் முன் கவுன்டரில் வேலை செய்தார். பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். முந்தைய வருடம் அக்டோபரில், கறுப்பின வரலாற்று மாதம் என்று, கவுன்டருக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் பலகையில் தினமும் இரண்டு வரி எழுதத் தொடங்கினார். மேல் வரி, கறுப்பின வரலாற்றில் ஒரு மைல்கல். கீழ் வரி, அன்றைக்கு நம்மை நாமே கவனித்துக்கொள்ள ஒரு சின்ன யோசனை. 'தண்ணீர் குடித்தீர்களா?' 'மத்தியானச் சாப்பாட்டைக் கம்பியூட்டருக்கு முன்னால் சாப்பிடாதீர்கள்.' வரிசையில் நிற்பவர்கள் இலக்கச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். வேறு வாசிப்பதற்கு அங்கே இருந்தது நான் எழுதிய அறிவித்தல்கள் மாத்திரம்.

ஒருநாள், ஒரு நகரத்தில் கறுப்பர்களை வேலைக்கு எடுக்க மறுத்த பஸ் கம்பனியை மக்கள் மாதக்கணக்கில் புறக்கணித்து வென்ற கதையை எழுதியிருந்தார். கவுன்டருக்கு வந்த மன்னார் அம்மா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணை எழுதிக் கிடக்கு?"

சொன்னேன்.

"அப்ப பஸ்ஸில ஏறாமலே பஸ்ஸை வெண்டிருக்குதுகள். நான் நாலு மாசமா இங்க ஏறி இறங்கிறன், ஒண்டும் நடக்கேல்லை."

அக்டோபர் முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. புதிதாக வந்த மேலாளர் கேட்டார்: "மாதம்தான் முடிந்துவிட்டதே?"

"மற்றப் பதினொரு மாதமும் நான் என்ன நிறம்?" என்றார் இவர்.

மேலாளர் கெட்டவர் அல்ல, பயந்தவர். ஜனவரியில் யாரோ ஒருவர், பலகையில் அரசியல் எழுதுகிறார்கள் என்று முறைப்பாட்டுப் படிவம் நிரப்பினார். பெப்ரவரியில் மேலாளர், அனுமதியில்லாமல் பலகையில் எதுவும் எழுத வேண்டாம் என்று இவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதன் பிரதி எனக்கும் வந்தது. இவர் அடுத்த நாளும் எழுதினார். அதற்கடுத்த நாளும். மேலாளர் தினமும் காலை பலகையைப் படம் எடுத்தார்.

சாதாரணமாக இதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போதும். ஆனால் இவருடைய கோப்பில் ஏற்கெனவே ஓர் இறுதி எச்சரிக்கை இருந்தது, பிந்தி வந்ததற்காக. இவருடைய தாய்க்குக் கிழமைக்கு மூன்று நாள் சிறுநீரகச் சிகிச்சை. ஆம்புலன்ஸ் வந்து தாயை ஏற்றும்வரை வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது. இறுதி எச்சரிக்கை உயிரோடு இருக்கும்போது இன்னொரு குற்றம் நிரூபிக்கப்பட்டால் வேலைநீக்கம். அந்தப் பந்தியின் எண்கூட எனக்கு மனப்பாடம்.

ஒழுக்காற்று விசாரணைக்குத் துணையாக ஒரு சக ஊழியரை அழைத்து வரலாம். இவர் என்னை அழைத்தார்.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் டூட்டிங்கில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நிர்வாகம் அனுப்பிய ஆவணக் கட்டைப் பிரித்தேன். இவர் மட்டன் ரோல்ஸைக் கடித்துவிட்டு, உறைப்பில் கண் கலங்க எதிரே இருந்தார். பின்னிணைப்பில் பதினேழு படங்கள். பதினேழிலும் அதே பலகை, அன்றன்றைய இரண்டு வரி. பதினேழிலும் வலது பக்கக் கீழ் மூலையில், பச்சை நிறத்தில், திகதியோடு என் சுருக்கொப்பம்.

முதல் படத்திலிருந்து மறுபடி புரட்டினேன்.

கதவு திறக்க முன் நான் ஒரு பட்டியலோடு அலுவலகத்தைச் சுற்றி வருவேன். தீயணைக்கும் கருவி, ஆபத்து மணி, இலக்கச் சீட்டு இயந்திரம், அறிவித்தல்கள். எல்லாவற்றிலும் திகதி, ஒப்பம். ஒப்பமில்லாத அறிவித்தல் குப்பைக்குச் சமம் என்று சுற்றறிக்கை எழுதியவன் நான். பதினைந்து பக்கம். வாசித்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவன் நான். அந்தப் பலகையின் மூலை வெறுமையாக இருந்தது என் கண்ணை உறுத்தியிருக்கிறது. அக்டோபரிலேயே கை தன்பாட்டில் போட்டிருக்கிறது. பெப்ரவரிக்குப் பிறகும் போட்டிருக்கிறது.

"பார்த்துவிட்டீர்களா?" என்றார் இவர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே. மேலாளருக்குத் தெரியாது. அது யாரோ மார்க்கரைச் சோதித்த கிறுக்கல் என்று நினைக்கிறார்."

"நீங்கள் சொல்லலாமே."

"சொல்லமாட்டேன். உங்களுக்கு ஒன்பது மாதம். எனக்கு வேறு வேலை கிடைக்கும்."

"கிடைக்குமா?"

ரோல்ஸைக் கீழே வைத்தார். "இல்லை."

நான் கட்டுக்குத் திரும்பினேன். மேலாளரின் மின்னஞ்சல் முதல் பக்கத்தில் இருந்தது. 'பலகையில் அனுமதி பெற்ற அறிவித்தல்கள் மாத்திரம் இடம்பெற வேண்டும்.' என் சுற்றறிக்கையின்படி, காலைச் சோதனை செய்யும் அலுவலரின் சுருக்கொப்பமே அனுமதி. அதாவது இவர் ஒரு நாளும் கட்டளையை மீறவில்லை. மீறியவன் நான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"உங்கட ஒப்பத்தை ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"அதுதான். அவ நல்ல பிள்ளை, ஓம். அதுக்கு நீங்கள் இப்ப ஏன் போய் மாட்டுப்பட வேணும்? பென்சன் கடிதம் வந்தபிறகு நியாயவானா இருக்க ஏலாதோ?"

எனக்கு வேலை போகாமலும் இருக்கலாம். மேலதிகாரியின் கட்டளையைத் தெரிந்தே குலைத்ததாக எழுதினால் போகவும் செய்யலாம். நடைமுறை தெரியாதவனுக்கு ஒரு பயம் மட்டும் இருக்கும். எனக்கு ஆறு இருந்தன, ஆறும் பந்தி இலக்கத்தோடு. மனைவி சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டே கேட்டாள்:

"நாளைக்கு எந்தப் பக்கம் இருக்கப் போறியள்?"

"தெரியேல்லை."

"எந்தப் பக்கம் இருந்தாலும் கசங்காமல் இருங்கோ."

விசாரணை பத்து மணிக்கு. வேறு பிரிவிலிருந்து ஒரு பெண்மணி தலைமை தாங்க வந்திருந்தார். நானும் இவரும் ஒரு பக்கம், மேலாளர் எதிர்ப்பக்கம். மேசையின் முனையில், சாட்சிகளுக்கென்று ஒரு வெற்று நாற்காலி. மேலாளர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஏழாவது படத்தில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களிடம் நிறுத்தச் சொன்ன பிறகும் எழுதினீர்களா?"

"எழுதினேன்," என்றார் இவர்.

"விளக்கம் ஏதாவது?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். "இல்லை."

தலைவர் எழுதத் தொடங்கினார். அந்த வரி முடிந்தால் கதை முடிந்தது.

"ஒரு நிமிடம்," என்றேன்.

துணையாக வந்தவர் பேசலாம். ஆனால் சாட்சி சொல்ல முடியாது. சாட்சி சொல்வதென்றால் துணையாக இருப்பதை விட வேண்டும். இவர் தனியே இருக்க நேரிடும். இதையெல்லாம் தலைவருக்கு நானே விளக்கினேன். பிறகு எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறேழு அடிதான்.

படத்தின் மூலையைக் காட்டினேன். சுற்றறிக்கையின் பந்தியை வாசித்தேன். மேலாளர் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், அடுத்த படத்தை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். காது சிவந்தது.

"மின்னஞ்சலின் பிரதி உங்களுக்கு வந்ததா?" தலைவர் கேட்டார்.

"வந்தது."

"வாசித்தீர்களா?"

"எல்லாவற்றையும் வாசிப்பேன்."

"அதன் நோக்கம் புரிந்ததா?"

"புரிந்தது."

"பிறகும் ஏன் ஒப்பம் போட்டீர்கள்?"

பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு இரக்கம் கிடைக்கும். ஆனால் அக்டோபருக்குத்தான் அது உண்மை. டிசம்பரில் ஒருநாள் கீழ் வரியில், 'டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்' என்று இருந்தது. கேலி செய்தேன். அந்தக் கிழமையே போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். சீனி தாறுமாறாக ஏறியிருந்தது.

"தினமும் வாசித்தேன்," என்றேன். "சில நாள் சொன்னபடியும் செய்தேன். அடுத்த நாளும் அது அங்கே இருக்க வேண்டும் போலிருந்தது."

நாற்பது நிமிடம் எல்லோரையும் வெளியே நிறுத்தினார்கள். தாழ்வாரத்தில் இவர் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர்மேல் குற்றமில்லை என்று முடிவானது. என்மேல் தனி விசாரணை நடந்து, மூன்று கிழமையில் எழுத்து மூல எச்சரிக்கை வந்தது. அதன் ஆயுள் பன்னிரண்டு மாதம். நான் வேலையை விட்டுப் போன பிறகும் கோப்பில் அது மூன்று மாதத்துக்கு மேல் தனியாக வேலை செய்திருக்கும்.

பலகையை ஊழியர்களின் தேநீர் அறைக்கு மாற்றினார்கள். அது வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மன்னார் அம்மாவால் அங்கே வரமுடியாது. முதல் நாள் மேல் வரியில், அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த சட்டத்துக்கு இருநூறு வருடம் என்றும், அடிமைகள் விடுதலைக்கு இன்னும் ஒரு தலைமுறை காத்திருந்தார்கள் என்றும் எழுதியிருந்தார். கீழே, 'மேசையை விட்டு எழுந்து வந்து சாப்பிடுங்கள்.'

சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு நின்றேன். வலது மூலை வெறுமையாக இருந்தது. கை சட்டைப்பைக்குப் போனது.

"மிஸ்டர் புரசீஜர்," என்றார் பின்னாலிருந்து. "பேனாவை உள்ளே வையுங்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள்."